காணாமற்போன விட்டமின் பக்கம்

குயின் ஸ்திரீட், பினாங்கு.
ஞாயிற்றுக்கிழமை, 14-5-2604
(இது ஜப்பானியக் கணக்கு. நாம் பழகிய கணக்கில் 1944.)

பாரிட் புந்தார் ரயில் நிலையத்தில் பொறுப்பான உத்தியோகம் பார்க்கும் மகாகனம் பொருந்திய மைத்துனர் அப்புத்துரை அவர்களின் சமூகத்துக்கு, தங்கள் தங்கை யோகம்மாவின் கணவனும், முப்பத்தோராண்டு துறைமுக அலுவலகத்தில் கிராணியாகப் பேனா பிடித்து ஓய்ந்தவனுமாகிய குலசேகரம் பணிவன்புடன் எழுதிக்கொள்வது. இவ்விடம் நான், யோகம்மா, கூரை மூவரும் கந்தன் கிருபையால் இன்னும் நின்றுகொண்டிருக்கிறோம். அவ்விடம் தாங்களும் வீட்டாரும் பிள்ளைகளும் வயல்பக்கத்து நல்ல காற்றில் சுகமாயிருக்க வேண்டுகிறேன்.

தாங்கள் கொடுத்தனுப்பிய கடிதம் வந்து சேர்ந்தது. "கால் வீங்கின மனிசியைப் பட்டணத்திலை வைச்சுக்கொண்டு நீர் என்ன செய்யிறீர்? வியாழக்கிழமை ரயிலிலை வந்து தங்கச்சியைக் கூட்டிக்கொண்டு போறன். இஞ்சை நெல்லும் இருக்கு, தவிடும் இருக்கு. நீர் அங்கை உம்மடை புத்தகத்தோடை இரும்" என்று எழுதியிருந்தீர்கள். நான்கு முறை படித்தேன். கோபத்திலும் வரி கோணாமல் எழுதியிருக்கிறீர்கள், அதைப் பாராட்டுகிறேன். ஆனால் மச்சான், வர வேண்டாம். யோகம்மாவின் கால் வற்றிவிட்டது! சத்தியமாக வற்றிவிட்டது! கல்யாணமான இந்த இருபத்தொன்பது வருஷத்தில் அவளும் நானும் பிரிந்திருந்தது ஒன்பது நாள்தான், அதுவும் தங்கள் இரண்டாவது பிள்ளைப்பேற்றுக்கு அவள் அங்கே வந்தபோது. அந்த ஒன்பது நாளும் நான் சோற்றுப்பானையோடு பேசிக்கொண்டிருந்தேன். இப்போது பேசுவதற்குப் பானையில் சோறும் இல்லை. அவளைத் தாங்கள் கூட்டிக்கொண்டு போய்விட்டால் நான் என்ன ஆவேன் என்பதைக் கொஞ்சம் யோசித்துவிட்டு, அவள் கால் எப்படி வற்றியது என்ற வரலாற்றைப் பொறுமையாகப் படிக்கவும்.

எல்லாம் அந்தப் புத்தகத்தில் தொடங்கியது. கீழ்வீட்டு ஹனீபாவைத் தங்களுக்குத் தெரியும். மார்க்கெட் ஸ்திரீட்டில் மசாலைச் சாமான் கடை, மனைவி ஹபீபா பீவி, பின்கட்டில் ஓர் ஆடு. வெள்ளைக்காரர்கள் ஓடிப்போன பங்களாக்களிலிருந்து எடைக்கு வந்த புத்தகங்களை வாங்கி, தாள் தாளாகக் கிழித்து, மல்லியும் மிளகாயும் பொட்டலம் கட்டிக் கொடுப்பது அவர் வழக்கம். தை மாதத்தில் ஒருநாள் அவர் கிழித்துக்கொண்டிருந்ததை எட்டிப் பார்த்தேன். உணவு, சீரணம் பற்றிய சொற்களையெல்லாம் அகரவரிசைப்படி அடுக்கி, வீட்டிலிருப்பவர்களுக்குப் புரியும்படி விளக்கும் இங்கிலீஷ் புத்தகம்! மனிதர் அதைப் பின்பக்கமிருந்து கிழித்துக்கொண்டு வந்திருக்கிறார். ஏ எழுத்து முதல் எஸ் எழுத்து வரை மிச்சம். பாய்ந்து பிடித்துக்கொண்டேன். "அண்ணே, அதுல என்னா லா இருக்கு? பேப்பர் நல்ல தடிப்பு, அதான் வெச்சிருக்கேன்" என்றார். "இதில் மனித வயிறு இருக்கிறது தம்பி" என்றேன். அவர் புத்தகத்தைப் பார்த்தார், என் வயிற்றைப் பார்த்தார், இரக்கப்பட்டுச் சும்மாவே கொடுத்துவிட்டார்.

அன்று முதல் எனக்குப் பென்ஷன் நின்றுபோன கவலையே இல்லை. தினமும் சாயங்காலம் கடைவாசல் நடைபாதையான அஞ்சடியில் ஒரு ஸ்டூலைப் போட்டு நின்று, தெருவில் உள்ளவர்களுக்கு ஒவ்வொரு சொல்லாக விளக்கினேன். தாங்களும் தெரிந்துகொள்ள வேண்டியவை என்பதால் சிலவற்றை எழுதுகிறேன். வாயில் போட்டதெல்லாம் உடம்புக்குள் போய்விட்டதாக நினைக்கிறோமே, அது தவறு மச்சான். துறைமுகத்தில் சாமான் இறங்கினால் போதுமா? அது ஜெட்டியில்தான் கிடக்கிறது. பிரித்து, பார்த்து, முத்திரை குத்தி வெளியே விட்டால்தான் ஊருக்குள் போகும். அப்படிப் பிரிக்கிற வேலைக்குப் பெயர் சீரணம். வாசலைத் திறந்து இரத்தத்துக்குள் விடுவது சிறுகுடல். மரவள்ளிக்கிழங்கு முழுவதும் மாச்சத்து. அது எரிந்து சூடு கொடுக்கும், அந்தச் சூட்டை அளக்கிற அளவுதான் கலோரி. பயற்றில் இருக்கும் புரதம், தேய்ந்த தசையைத் திரும்பக் கட்டும். நார்ச்சத்து என்று ஒன்று இருக்கிறது, அது சீரணமே ஆகாது. "ஆகாதது எதுக்குண்ணே?" என்று ஹனீபா கேட்டார். நான் சொன்னேன், அது அலுவலகத்தில் பெரிய கிராணி மாதிரி, தான் ஒரு வேலையும் செய்யாது, ஆனால் அது பின்னால் நின்றால்தான் மற்றதெல்லாம் நகரும் என்று. முப்பத்தோராண்டு அனுபவத்தில் சொன்னதால் எல்லோரும் நம்பினார்கள்.

சிறுகுடல் இருபதடி நீளம் என்றபோது மட்டும் ஒருவரும் நம்பவில்லை. ஆகவே யோகம்மாவின் கொடிக்கயிற்றை அவிழ்த்து, இருபதடி அளந்து, எங்கள் வாசலிலிருந்து பக்கத்துக் கடை வாசல்வரை அஞ்சடி நெடுக நீட்டிக் காட்டினேன். அந்த நேரம் பார்த்து ஹபீபா பீவியின் ஆடு வந்து சிறுகுடலின் முதல் நான்கடியை மென்றுவிட்டது. மிச்சத்தில் ஒரு வண்டிக்காரர் கால் தடுக்கி விழுந்து, எழுந்து, என்னுடைய சிறுகுடலைப் பற்றி வேறு சில சொற்களைச் சொல்லிவிட்டுப் போனார். அவை புத்தகத்தில் இல்லை. அன்றிரவு கொடிக்கயிறு குட்டையாகி ஈரச்சேலை தரையில் கிடந்ததற்கு யோகம்மா எனக்குச் சொன்னவையும் புத்தகத்தில் இல்லை.

மலச்சிக்கலைப் பற்றியும் எழுதாமல் விட முடியாது, தாங்கள் குடும்பத்து ஆள்தானே. குடல் அலை அலையாகச் சுருங்கி உள்ளே இருப்பதை முன்னே தள்ளும். அதற்கு நார் வேண்டும், தண்ணீர் வேண்டும், பழகின நேரம் வேண்டும். இங்கே ஜப்பான்காரர்கள் கடிகாரத்தை டோக்கியோ நேரத்துக்கு ஒன்றரை மணி முன்னே தள்ளி வைத்துவிட்டார்கள் அல்லவா? கடிகாரம் கேட்டது, குடல் கேட்கவில்லை. பதினான்கு பேருக்கு ஒரு கக்கூஸ். டோக்கியோ நேரம் ஆறு மணிக்கு எல்லோரும் வரிசையில் நிற்கிறார்கள், ஒருவருக்கும் ஒன்றும் வருவதில்லை. பினாங்கு நேரம் வரும்போது எல்லோரும் வேலைக்கு ஓடிக்கொண்டிருக்கிறார்கள். கங்கோங் கீரையை நிறையச் சேருங்கள், காலையில் வெந்நீர் குடியுங்கள், வரிசையை ஒன்றரை மணி தள்ளி வையுங்கள் என்றேன். நான்கே நாளில் பலன்! ஹனீபா என் கையைப் பிடித்துக்கொண்டு, "அண்ணே, நீங்க டாக்டரா போயிருக்கணும் லா" என்றார். எனக்கு அந்த வாரம் முழுவதும் நிலைகொள்ளவில்லை.

இப்படி ஊருக்கெல்லாம் சொல்லிக்கொண்டு திரிந்தவன், என் வீட்டுக் காலைப் பார்க்கவில்லை. பங்குனி முடிவில் ஒருநாள் யோகம்மா படியேறும்போது பாதியில் உட்கார்ந்துவிட்டாள். "ஒண்டும் இல்லை, சும்மா களைப்பு" என்றாள். காலைப் பார்த்தால் கணுக்காலே தெரியவில்லை. கட்டைவிரலால் அழுத்தினேன், குழி விழுந்தது, எடுத்தபின்னும் குழி அப்படியே நின்றது. ஓடிப்போய்ப் புத்தகத்தைத் திறந்தேன். பி எழுத்தில் பெரிபெரி இருந்தது, படத்தோடு இருந்தது. அழுத்தினால் குழி நிற்கும், மூச்சு வாங்கும், கவனிக்காவிட்டால் இருதயத்தையே பிடிக்கும் என்றெல்லாம் எழுதிவிட்டு, கடைசியில் ஒரு வரி: 'இதற்குரிய பரிகாரத்துக்கு விட்டமின் என்னும் சொல்லின் கீழ்க் காண்க.' விட்டமின் எந்த எழுத்து? வி! என்னிடம் இருப்பது எஸ் வரை! மனைவியின் உயிர் ஒரு தாளில் இருக்கிறது, அந்தத் தாளில் ஹனீபா மல்லி கட்டிக் கொடுத்துவிட்டார்.

அப்புறம் ஐந்து நாள் நான் பட்ட பாட்டை எப்படி எழுதுவேன். யார் யாருக்குப் பொட்டலம் கட்டினீர் என்று ஹனீபாவைக் குடைந்தேன். குயின் ஸ்திரீட்டில் ஒரு வீடு விடாமல் கதவைத் தட்டி, "அம்மா, உங்கள் வீட்டு மிளகாயைப் பார்க்கலாமா?" என்று கேட்டேன். ஒரு வீட்டில் எஸ்ஸுக்கு அடுத்த டி கிடைத்தது, பள்ளிவாசல் பக்கத்துச் சோற்றுக்கடையில் டபிள்யூ கிடைத்தது, அதில் தண்ணீரைப் பற்றி மிக நல்ல விளக்கம், ஆனால் எனக்கு அப்போது தண்ணீர் தேவைப்படவில்லை. வி மட்டும் இல்லை. ஐந்தாம் நாள் களைத்து வந்து பின்கட்டில் உட்கார்ந்திருந்தபோது ஹபீபா பீவி, "ஏண்ணே இப்பிடி ஊரெல்லாம் பேயா அலையுறீங்க? என் சீரகப் பொட்டலத்தையும் பாத்துட்டுப் போங்களேன்" என்று மாடத்திலிருந்து எடுத்து நீட்டினார். விட்டமின்! மேலே எண்ணெய்க் கறை, ஓரத்தில் எறும்பு, நடுவில் உயிர்ச்சத்து!

நின்றுகொண்டே உரக்கப் படித்தேன். உணவில் மிகக் கொஞ்சமாக இருந்து உயிரைக் காப்பாற்றும் சத்துகளுக்கு விட்டமின் என்று பெயராம். அதில் பி ஒன்று என்பது அரிசியின் மேல்தோலிலும் தவிட்டிலும் பயற்றிலும் இருக்கிறதாம். அது தண்ணீரில் கரைந்துவிடுமாம். தீட்டிய அரிசியைத் திரும்பத் திரும்பக் கழுவி, கஞ்சியையும் வடித்துக் கொட்டினால் மிச்சமிருந்ததும் போய்விடுமாம். இதைப் படித்து முடிக்கவும், மேலே யோகம்மா ஜன்னலைத் திறந்து, "ஹபீபா, ஆட்டுக்குத் தண்ணி!" என்று குரல் கொடுக்கவும் சரியாக இருந்தது. தங்கள் வீட்டு வழக்கம் தங்களுக்குத் தெரியாதா? தண்ணீர் கண்ணாடி மாதிரித் தெளியும்வரை ஏழு தரம் அரிசி கழுவினால்தான் தங்கள் அம்மாவுக்குச் சமையல். ரேஷன் அரிசியில் சுண்ணாம்பு வேறு கலந்து வருவதால் யோகம்மா அதை ஒன்பதாக்கியிருந்தாள். அந்த ஒன்பது தண்ணீரும் வடித்த கஞ்சியும் தினமும் ஜன்னல் வழியாக ஆட்டின் தொட்டிக்கு வரும். அதற்கு மேல் ஹபீபா பீவி தவிடும் போடுவார். ஆட்டைப் பார்த்தேன். இரண்டு வருஷமாகப் பினாங்கில் எல்லோருக்கும் எலும்பு தெரிகிறது, அந்த ஆட்டுக்கு மட்டும் முதுகில் பளபளப்பு! எங்கள் வீட்டு விட்டமின் முழுவதையும் தின்றுவிட்டு என்னை நிதானமாகப் பார்க்கிறது!

"ஊற்றாதே! ஊற்றாதே!" என்று கத்தினேன். என் குரல் கொஞ்சம் பலமாகிவிட்டது போலும். ஆகாய விமானம் வந்துவிட்டது என்று எண்ணித் தெரு முழுவதும் ஓடியது. எதிர்வீட்டார் சாக்கடையில் குப்புற விழுந்தார்கள். யோகம்மா பயந்து பானையைக் கைவிட, கழுநீர் என் தலையில் கொட்டியது. நான் அதை வழித்து நக்கிப் பார்த்தேன் என்று ஹபீபா பீவி இன்றுவரை சொல்லித் திரிகிறார். உண்மைதான், நக்கினேன்.

அன்றைக்கே ஏற்பாட்டை மாற்றினோம். அரிசியில் சுண்ணாம்பைத் துணியால் துடைத்துவிட்டு ஒரே ஒரு தரம் கழுவல். கஞ்சி வடிப்பதில்லை. தவிடுதான் முக்கியம், அது இந்தத் தெருவில் ஆட்டிடம் மட்டுமே இருந்தது. ஹபீபா பீவியிடம் கேட்டேன். "ஆடு திங்கிறதை நீங்க தின்னா ஊரு என்னாண்ணே சொல்லும்?" என்று சிரித்தார். பிறகு மேலே வந்து யோகம்மாவின் காலைப் பார்த்தார், சிரிப்பு நின்றது. "எடுத்துக்கோங்கக்கா. ஆடு கங்கோங் தின்னட்டும்" என்று சொல்லித் தினமும் இரண்டு பால் டின் நிறையத் தவிடு சலித்துக் கொடுக்கிறார், எனக்கொன்று, அவளுக்கொன்று. அந்தப் பெண்ணுக்கு நான் எந்தப் பிறவியில் நன்றி செலுத்துவேன் என்று தெரியவில்லை. வறுத்து, கருப்பட்டித் துண்டு சேர்த்துக் கஞ்சியாக்கிக் குடிக்கிறோம். மூன்று வாரம்! கணுக்கால் திரும்பி வந்துவிட்டது மச்சான், இரண்டு பக்கமும்! நேற்று அவள் படியை ஒரே மூச்சில் ஏறினாள். நான் கீழே நின்று எண்ணினேன், பதினெட்டுப் படி.

ஓர் இரகசியமும் எழுதுகிறேன், அவளுக்கு எழுதிவிட வேண்டாம். வேலையில்லாமல் உட்கார்ந்திருக்கும் ஐம்பத்தெட்டு வயது ஆணுக்கு அதிகக் கலோரி தேவையில்லை என்று சி எழுத்தில் தெளிவாக இருக்கிறது. ஆகவே என் டின் தவிட்டை அவள் தண்ணீர் எடுக்கப் போகும் நேரத்தில் அவள் டின்னில் சேர்த்துவிடுகிறேன். அவள் இவ்வளவு விரைவாகத் தேறியதற்கு அதுவே காரணம். விஞ்ஞானப்படி எனக்கு ஒரு குறையும் இல்லை. சப்பாத்து மட்டும் இந்த மழையில் சுருங்கிவிட்டது, கால் நுழையமாட்டேன் என்கிறது, சண்டைக்கு முன் வாங்கிய நல்ல தோல், இப்படி ஏமாற்றும் என்று நினைக்கவில்லை. வீட்டுக்காரரும் படிக்கட்டை ஏதோ செய்திருக்கிறார், எனக்கு இருபத்தைந்து படி போலத் தெரிகிறது. அஞ்சடியில் நின்று பேசுவதை விட்டு ஸ்டூலில் உட்கார்ந்தே பேசுகிறேன், அதுவும் ஒரு மரியாதையாகத்தான் இருக்கிறது.

என் தேகநிலைக்கு வேறு சாட்சியும் உண்டு. போன செவ்வாய்க்கிழமை பெரிபெரித் தாளை ஹனீபாவின் கடையில் எல்லோருக்கும் காட்டிவிட்டுத் திரும்பும்போது, மூலையில் நின்ற ஜப்பானியச் சிப்பாய்க்கு வழக்கம்போலக் குனிந்து வணங்கினேன். நிமிர்வதற்குக் கொஞ்சம் தாமதமாகிவிட்டது. அவன் சந்தேகப்பட்டுச் சட்டைப்பையைச் சோதித்தான். இங்கிலீஷ் தாள்! உயிர் போனது என்று நினைத்தேன். அவன் அதிலிருந்த கால் படத்தைப் பார்த்தான், என் காலைப் பார்த்தான், வேட்டியை ஒதுக்கிக் கட்டைவிரலால் என் முழங்காலுக்குக் கீழே அழுத்தினான், வெகுநேரம் அந்த இடத்தையே பார்த்தான், பிறகு தலையை ஆட்டிவிட்டுத் தாளை என் கையிலேயே கொடுத்து, போ போ என்று சைகை காட்டினான். இந்த வயதில் இப்படி ஒரு திரண்ட கால் அவனை வியக்க வைத்திருக்க வேண்டும். நான் குனிந்து பார்க்க நேரமில்லை, பார்த்து நிற்கிற இடமும் அல்ல.

ஆகவே மச்சான், நோயாளி குணமாகிவிட்டார், வைத்தியனும் திடமாக இருக்கிறான், தாங்கள் ரயிலேறி வருவதற்கு ஒரு காரணமும் இல்லை. கல்யாணத்தன்று பந்தல் வாசலில் கழற்றி வைத்திருந்த தங்கள் செருப்பைத் தோணி என்று நான் கேலி செய்ததைத் தாங்கள் இன்னும் மறக்கவில்லை என்று யோகம்மா சொல்வாள். அந்த மன்னிப்பையும் இத்துடன் சேர்த்துக் கேட்டுக்கொள்கிறேன். தவிடு தின்னுங்கள், கஞ்சி வடிக்காதீர்கள், என்னுடையவளை என்னிடமே விட்டுவையுங்கள். நல்லூர்க் கந்தனும் இந்தத் தெரு மாரியம்மனும் தங்கள் வீட்டுப் பானையையும் அதன் மேல் மூடியையும் காக்கட்டும். குழந்தைகள் கங்கோங் கீரையை முகம் சுளிக்காமல் உண்ண என் ஆசீர்வாதம்.

இங்ஙனம், பூரண சுகத்துடன்,
தங்கள் அன்புள்ள
க. குலசேகரம்

பி.கு.: ஹனீபா நாளைக் காலை உப்பு வாங்கப் பட்டர்வொர்த் போகிறார், ரயில்காரர் ஒருவர் கையில் இதைக் கொடுப்பார். தபாலில் போட்டால் தணிக்கைக்காரர் படிப்பார். நார்ச்சத்து அவருக்கும் பயன்படும் என்றாலும் சிப்பாய் விஷயம் இருக்கிறது. கடிதத்தை ஒட்டும்படி யோகம்மாவிடம் கொடுத்திருக்கிறேன், மரவள்ளிப் பசை அவள் கையில்தான் நன்றாகப் பிடிக்கும்.

இன்னொரு பி.கு.: அண்ணை, இது யோகம்மா. ஒட்டச் சொல்லித் தந்தவர், நான் வாசிச்சுப்போட்டன். என்ரை கால் சுகம், அது உண்மை. மற்றது ஒண்டும் உண்மையில்லை. சப்பாத்துச் சுருங்கேல்லை, அவருக்குக் கால் வீங்கிப்போச்சு. படி பதினெட்டுத்தான். ஆறாம் படியிலை இருந்து மூச்சு வாங்கிறார், என்னெண்டு கேட்டால் எண்ணுறன் எண்டு சொல்லுறார். தவிட்டை என்ரை டின்னுக்குள்ளை போடுறதை இண்டைக்குத்தான் அறிஞ்சன். என்ரை டின் மட்டும் ஏன் நிரம்பி வழியுது எண்டு நானும் யோசிக்கேல்லை, பசியிலை குடிச்சுப்போட்டன். கலோரி வேறை, விட்டமின் வேறை எண்டு எனக்குப் படிப்பிச்சதே இந்த மனுசன்தான். இண்டையிலிருந்து ரெண்டு டின்னும் அவருக்கு. ஹபீபா பக்கத்திலை நிண்டு குடிக்க வைக்கிறன் எண்டு சொல்லிப்போட்டா.

வியாழக்கிழமை கட்டாயம் வாங்கோ. ரெண்டு பேரையும் கூட்டிக்கொண்டு போங்கோ, என்னைத் தனிய எண்டால் நான் வரமாட்டன். அவர் வரமாட்டன் எண்டுதான் நிப்பார். பாரிட் புந்தாரிலை ஒருத்தருக்கும் சீரணம் எண்டால் என்னெண்டு தெரியாது, ஆள் இல்லாமல் நிக்கிறம் எண்டு சொல்லுங்கோ, உடனை வெளிக்கிடுவார். ஒரு சாக்குத் தவிடும் கொண்டு வாங்கோ. வெறுங்காலோடை ஸ்டேஷனுக்கு வர அவருக்கு வெக்கமாயிருக்கும். உங்கடை அந்தத் தோணிச் செருப்பையும் கொண்டு வாங்கோ அண்ணை. இப்ப அதுதான் அவருக்கு அளவாயிருக்கும்.